ரெண்டு நாளா ஆளக் காணோமே

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அமாவாசை, கிருத்திகை போல 'சுகர் நாள்' என்று ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் நாள். ஊருக்கு ஊர் கிழமை மாறும். காலை ஏழரைக்கே சீட்டு வாங்கும் ஜன்னலருகே ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த இட்லியையோ கூழையோ சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமும் போதாது, முட்டியும் ஒத்துழைக்காது. அதனால் அந்த இரண்டு மணி நேரமும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு காலத்தைக் கழித்தவள். ஓய்வு பெற்றதும் எனக்கும் சுகர் வந்தது, அந்த வரிசையில் நானும் ஒருத்தியானேன். ஆரம்பத்தில் கையில் ஒரு புத்தகம் கொண்டுபோவேன். அதைப் பிரிக்க யாரும் விட்டதில்லை. "டீச்சரம்மா, உங்களுக்கு எவ்ளோ?" என்று பக்கத்து ஆயா கேட்டார். நூற்று எழுபது என்றேன். "தோ பாருடி, டீச்சருக்கும் எனக்கும் ஒரே மார்க்கு!" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. யாருக்கு எத்தனை என்பதில் அங்கே ஒளிவுமறைவு கிடையாது. இருநூற்றைத் தாண்டியவரிடம் விசாரணை நடக்கும். பேத்தியின் மஞ்சள் நீராட்டு, மருமகன் கொண்டுவந்த மாம்பழக் கூடை, ராத்திரி மாத்திரை போட மறந்தது எல்லாம் வரிசையாக வெளியே வரும். அளவு குறைந்தவரிடம் "என்னா துண்ற? எந்நேரத்துக்குத் துண்ற?" என்று நுணுக்கமாகக் கேட்பார்கள்.

பிரஷர் பார்க்கும் மேசையில் மட்டும் பேச்சு நின்றாக வேண்டும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது பேசினால் அளவு பத்துப் புள்ளிக்கு மேல்கூட ஏறிக் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படிய, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. "பேசாதீங்க ஆயா" என்பார் நர்சம்மா. ஆயா உதட்டை மடித்துக்கொள்வார். கண் மட்டும் பெஞ்சில் இருக்கும் சிநேகிதியைப் பார்த்து, 'இரு, வந்து சொல்றேன்' என்று சொல்லும். புஸ்ஸென்று காற்று இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

வயதானவர்கள் கூடினால் வியாதியைத் தவிர வேறு பேச்சில்லை என்று வீட்டில் இளையவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். என்னுடைய அனுபவம் வேறு. அந்தப் பெஞ்சில் வியாதிப் பேச்சு என்பது பேச்சைத் தொடங்குவதற்கான சாக்கு. அதைத் தொட்டுக்கொண்டு நிலம், வாய்க்கால், மகன் அனுப்பாத பணம், செத்துப்போன மாடு, கல்யாணமாகாத பேத்தி என்று எல்லாம் வரும். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் சொல்லாத உடம்புச் சேதிகள் அங்கேதான் வெளியே வருகின்றன. டாக்டருக்கு ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது. அத்தனை பேரை ஒருவரே பார்க்கும்போது அதற்குமேல் அவரால் முடியாது. ஆயாக்களும் தாத்தாக்களும் அவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் மரியாதை காரணமாக "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றுவிடுகிறார்கள். உள்ளதெல்லாம் பெஞ்சில் சொல்லி முடிந்திருக்கும்.

பாகூரில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் இருக்கிறார். ஏரிக்கரையை ஒட்டி நிலம். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் தண்ணீர் ஏரியில் நிற்கும்வரை பாகூரில் நெல்லுக்குக் குறையில்லை. ஊரின் பெருமை என்றால் அவர் ஏரியில் தொடங்கி, பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் இங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேட்டில் போய் நிற்பார். பதினைந்து வருடமாகச் சுகர். காலில் எரிச்சல் இருந்தது, பிறகு மரத்துப்போனது. எரிச்சல் போய்விட்டதால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அது நரம்பு செத்துக்கொண்டு வருவதன் அடையாளம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தினமும் காலையில் கரைமேல் நடந்துபோய், முனையில் இருக்கும் டீக்கடையில் உட்காருவார். அங்கே ஒரு நாலைந்து பேர், எல்லோரும் அவர் வயது. ஒரு நாள் காலை அவர் எழுந்து காசு கொடுக்கப் போனபோது, சிமெண்டுத் தரையில் அவர் வைத்த அடிகளில் ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பாக இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்தான் முதலில் பார்த்தார். "யண்ணா, செருப்பக் கழட்டு" என்றார். வேலிகாத்தான் முள் செருப்பின் அடியைத் துளைத்துக் குதிகாலுக்குள் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. கரை நெடுக அதன்மேல் நடந்துவந்திருக்கிறார், தெரியவில்லை. கடையிலிருந்த இன்னொருவர் தன் மொபெட்டில் உட்காரவைத்து அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சுகர்க்காரருக்குக் காலில் புண் ஒரு வாரம் கவனிக்காமல் கிடந்தால் விரலோ பாதமோ போகவும் கூடும். அவருக்கு இரண்டு மாதம் கட்டுப் போட்டதோடு போயிற்று. பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியில் பாதத்தைச் சோதித்தார்கள். பத்து கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு "தொட்டதும் சொல்லுங்க" என்பார்கள். பாதி இடத்தில் அவர் வாய் திறக்கவே இல்லையாம். இரண்டு நிமிடச் சோதனைதான். சுகர் உள்ள எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டியது.

அந்த டீக்கடை இல்லையென்றால், அல்லது அவர் வீட்டிலேயே டீ குடிக்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். வீட்டில் மருமகள் நல்லவள்தான். ஆனால் மாமனாரின் பாதத்தை அவள் எப்போது பார்க்கப்போகிறாள்?

இந்தச் சந்திப்புகளெல்லாம் நடப்பதற்குச் சில சாமான்கள் வேண்டும். நடக்கக் கால், பார்க்கக் கண், கேட்கக் காது. இவற்றில் எது போனாலும் ஆள் மெல்ல மெல்ல வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறார். காதுதான் மிக ரகசியமாகப் போகிறது.

கீழூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ரோடியர் மில் என்று எங்களவர்கள் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு மில்லில் தறி ஓட்டியவர். விடிவதற்கு முன் சைக்கிளில் புதுச்சேரிக்குப் போய்த் திரும்பிய தலைமுறை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, அதில் 170 பேர் பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்தபோது அவர் சின்னப் பையன். வேலியோரம் நின்று கார்களை எண்ணியதாகச் சொல்வார். மில் தொழிலாளர் கதையையும் சொல்வார். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் உயிரைக் கொடுத்ததும், அதன்பின் எட்டு மணி நேர வேலை கிடைத்ததும் அவர் பிறப்பதற்கு முந்தியவை. ஆனாலும் கூடவே நின்றவர் போலச் சொல்வார். அவர் பேசினால் கூட்டம் சேரும்.

நாளாக ஆக அவர் மட்டும்தான் பேசினார். யாராவது குறுக்கே ஏதும் கேட்டால் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தன் கதையைத் தொடர்ந்தார். கர்வம் என்று சிலர் விலகினார்கள். ஆண்டுக்கணக்கில் தறிச் சத்தத்தில் நின்ற காது அது. தறிக்கூடத்தின் ஓயாத இரைச்சல் உட்செவியின் மெல்லிய உணர்செல்களைக் கொல்கிறது, அவை மறுபடி முளைப்பதில்லை. ஆள் பேசுவது சத்தமாகக் கேட்கும், சொல் பிரியாது. கடையில், கல்யாண வீட்டில், பலர் பேசும் இடத்தில் சுத்தமாகப் புரியாது. புரியாதவர் இரண்டு முறை "என்னா?" என்று கேட்பார். மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டுச் சிரித்துவைப்பார். பிறகு அந்த இடத்துக்கு வருவதையே குறைத்துக்கொள்வார். நினைவு மங்கும் நோயைத் தள்ளிப்போட நாம் கவனிக்கக்கூடிய காரணங்கள் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பதினான்கைச் சொன்னது. காது மந்தம் அதில் ஒன்று, தனிமை இன்னொன்று. எங்கள் பெரியவருக்கு ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. மகன் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டால் மின்விசிறிச் சத்தமும் தட்டுச் சத்தமும் மண்டையில் அடிக்கிறது என்று டப்பாவில் வைத்துவிட்டார். கருவிக்குப் பழக வாரக்கணக்காகும், வீட்டில் அமைதியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை. பேத்தி பிறகு கேட்டறிந்து வந்து, தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினாள். இப்போது போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

கண்ணின் கதை இதைவிடச் சந்தோஷமானது. புரை விழுந்த கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளத் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, 2003 முதல். ஊரில் முகாம் போட்டுப் பார்த்து, புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், அங்கேயே தங்கவைத்து, சாப்பாடும் போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாட்டை நடத்துகிறவர்கள் அவர்கள். பயந்துகொண்டு தனித்தனியாக ஏறியவர்கள் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியோடு ஒரே கூட்டமாக இறங்குவார்கள். ஒரே கூடத்தில் பாய்போட்டுப் படுத்து, ஒரே பயத்தைப் பயந்து, கட்டுப் பிரித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தவர்கள். எங்கள் தெரு ஆயாவுக்கும் அபிஷேகப்பாக்கத்து ஆயா ஒருவருக்கும் அப்படி உண்டான சிநேகிதம் இன்றைக்கும் இருக்கிறது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் பஸ் ஏறிப் போவார். அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெறும் வயதான 58இல், 1976இல், மதுரையில் பதினோரு படுக்கையோடு அதை ஆரம்பித்தார். இளவயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையால் கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரமாயிரம் கண்களைத் திறந்தார். எங்கள் ஊரில் கண் தெளிந்து வருகிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர் என்று பத்து இருபது கிலோமீட்டருக்குள் மருத்துவக் கல்லூரிகள். ஜிப்மர் மருத்துவமனைக்கு எங்கள் பக்கத்து இராமநாதபுரத்தில் ஒரு கிராம சுகாதார மையம். அதனால் எங்கள் திண்ணைகளுக்கு அவ்வப்போது வெள்ளை கோட்டு போட்ட பிள்ளைகள் நோட்டோடு வந்து உட்காருகிறார்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன வியாதி, கழிப்பறை உண்டா என்று எழுதிக்கொள்வார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவரை வைத்துத் தெரியாதவர் கேட்பார். ஆயாக்கள் அவர்களை ஒரு சேர உட்காரவைத்து, மோர் கொடுத்து, எந்த ஊர், அப்பா என்ன வேலை, கல்யாணம் எப்போது என்று பதிலுக்கு விசாரித்து முடிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் போகும்போது முகம் மலர்ந்திருக்கும். வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து படிக்கிற பிள்ளைகள். ஒரு பெண் தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்முன் எங்கள் தெருவுக்குத் தனியாக வந்து ஆயாவிடம் சொல்லிக்கொண்டு போனாள். முதுமையில் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஆயா அன்று முழுக்க அதையே பேசினார்.

எழுத்தாளர் கி.ராஜநாராயணனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இளமையில் காசநோயோடு போராடிய உடம்பு. மற்றவர்கள் ஈசிசேரில் சாய்கிற வயதில் இடைசெவலிலிருந்து புதுச்சேரிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைச் சேகரித்து, வந்தது முதல் முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் புதுச்சேரிக்காரராகவே வாழ்ந்து, 2021 மே மாதம் இங்கேயே மறைந்தார். தொண்ணூறைத் தாண்டியும் எழுதினார். அவரைப் பார்க்கப் போனவர்கள் எல்லோருமே அவர் பேச்சைப் பற்றியும் விசாரிப்பைப் பற்றியும் சொல்வார்கள். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்த வீடு அது.

மனிதத் தொடர்புக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணாகவும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்னும் உளவியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 148 ஆய்வுகளை, மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல் பற்றிய விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. எனக்கு இதைவிட நெஞ்சில் நின்றது எரிக் கிளினென்பர்க் எழுதிய சிகாகோ வெப்ப அலையின் கதை. 1995 ஜூலையில் சில நாள் வெயிலில் அந்த நகரத்தில் எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள், பலர் தனியே வாழ்ந்த முதியவர்கள். ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு ஏழைப் பகுதிகளை அவர் ஒப்பிட்டார். கடைகள் மூடி, தெரு வெறிச்சோடிக் கிடந்த பகுதியில் சாவு அதிகம். கடையும் நடமாட்டமும் நெரிசலும் உள்ள பக்கத்துப் பகுதியில் குறைவு. அங்கே கிழவர்கள் வெயில் தாங்காமல் வெளியே வந்தார்கள். வந்து நிற்க ஓர் இடம் இருந்தது, பார்க்க ஆள் இருந்தது.

நாங்கள் இதை வெள்ளத்தில் பார்த்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அது ஓய்ந்ததாக நினைத்தபோது, டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் என்று ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. இருட்டில், மின்சாரம் இல்லாமல், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் படுத்திருக்கிறார், யாருக்கு மூச்சிரைப்பு, எந்தத் தாத்தாவின் இன்சுலின் எந்தப் பானையில் குளிரவைத்திருக்கிறது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? எந்த அலுவலகக் கணினியிலும் அது இல்லை. தினமும் காலையில் அந்த வீட்டு வாசலில் நின்று "என்னா, எழுந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போகிற பால்காரருக்கும், கீரைக்காரம்மாவுக்கும், எதிர்வீட்டாருக்கும் தெரிந்திருந்தது. பாகூர்த் தம்பி சொன்னார், அவர் தெருவில் கட்டிலோடு தூக்கிவந்த ஒரு பாட்டியின் வீட்டைக் காட்டியது, அவரிடம் முறுக்கு வாங்கித் தின்னும் எட்டு வயதுப் பையன் என்று. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில் மாத்திரை நனைந்துபோனவர்களுக்கு மற்றவர்கள் தங்கள் மாத்திரையைக் கொடுத்தார்கள். இது நல்லதல்ல, ஒருவர் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது. வீட்டில் ஒரு நெகிழிப் பையில் ஒரு வார மாத்திரையும் சீட்டின் நகலும் தனியே கட்டி உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அதன்பின் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இத்தனை உயிரைப் பிடித்துவைத்திருக்கும் சின்னச் சின்னச் சந்திப்புகளுக்கான இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போட்ட வருடங்களில் புதுச்சேரியின் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. 2024 அக்டோபரில் தீபாவளிக்கு முன் மறுபடி திறந்தபோது, அரிசியைவிட வரிசைக்காகச் சந்தோஷப்பட்ட வயதானவர்களை நான் பார்த்தேன். மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சிலர் இடையில் செத்துப்போனதை அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். முதியோர் உதவித்தொகையும் வங்கிக்குப் போய்விட்டது. கையூட்டு குறைந்தது, நல்லது. கூடிநின்ற வரிசையும் அதோடு போயிற்று. எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அங்கே 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அது பெரிய வரம். இங்கேயும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். நடக்க முடிந்தவரைப் பற்றி எனக்கு வேறு கருத்து. அவருக்கு மாத்திரை மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதாது. வரிசையை ஒழிக்க வேண்டாம். அதில் நிழலும், முதுகு சாயப் பெஞ்சும், குடிக்கத் தண்ணீரும், ஒரு கழிப்பறையும் வையுங்கள். ரெண்டு நாள் வராதவரை "ஆளக் காணோமே" என்று தேடுவதற்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

கழிப்பறையைச் சும்மா பட்டியலில் சேர்க்கவில்லை. எங்கள் பெஞ்சில் ஓர் ஆயாவுக்குப் பிரஷர் அடங்கவே இல்லை. ஒவ்வொரு சுகர் நாளிலும் அளவு ஏறியே இருக்கும். மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த முறையும் ஏறியே இருந்தது, இன்னும் கூட்டினார்கள். வீட்டில் அவருக்குத் தலைசுற்றல். ராத்திரி எழுந்தபோது நிலைப்படியில் சாய்ந்து நெற்றியில் அடிபட்டது. டாக்டர் கேட்டபோதெல்லாம் "மாத்திரை தவறாம போடறேன் சார்" என்றுதான் சொன்னார். அது முழுப் பொய்யுமில்லை.

அந்த இரண்டு மணி நேரக் காத்திருப்பில் ஒரு நாள் பேச்சு எங்கெங்கோ போய், பஸ்ஸில் வரும்போது அடக்குவது பற்றி வந்தது. ஒரு பெண்ணுக்கு இருமினாலே கொஞ்சம் போய்விடுகிறதாம். இன்னொருவர் கல்யாணத்துக்குப் போகும் அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லையாம். நாலைந்து பெற்றவர்கள், இடுப்புத் தசை தளர்ந்தவர்கள். எல்லோருக்கும் இருந்தது, ஒருவரும் யாரிடமும் சொன்னதில்லை. அடக்கிக்கொண்டே சிரித்தார்கள். சிரித்தால் இன்னும் மோசம் என்று ஒருவர் சொல்ல, மறுபடி சிரிப்பு. அப்போது அந்த ஆயா சாவகாசமாகச் சொன்னார்: "நான் இங்க வர்ற அன்னிக்கு மட்டும் அந்த நீர் மாத்திரய முழுங்கறதில்ல. முழுங்கிட்டு பஸ்ஸுல எங்க போவேன்? இங்க வந்தாலும் பூட்டுதான தொங்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரஷருக்கு அவருக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒன்று, உடம்பிலிருக்கும் அதிகப்படி உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் வகை. போட்டால் காலை முழுக்க நாலைந்து தடவை போக வேண்டும். வருகிற அன்று மட்டும் அதை விட்டுவிடுவார். அளவு ஏறிக் காட்டும். ஏறியதைப் பார்த்துக் கூட்டிய மாத்திரையை மறுநாளிலிருந்து வீட்டில் சரியாகப் போடுவார், நீர் மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். பிரஷர் கீழே இறங்கித் தலைசுற்றும். அவர் விழுந்தது இதனால்தான். இத்தனைக்கும் மூலம், வெளிநோயாளிகள் பக்கத்தில் கட்டியிருந்த கழிப்பறைக்குப் போட்டிருந்த பூட்டு.

அன்றைக்கே நானும் ஆயாவும் சேர்ந்து டாக்டரிடம் போய்ச் சொன்னோம். இளம் பெண் டாக்டர். எழுதுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். கூட்டியதைக் குறைத்தார். வருகிற நாளில் நீர் மாத்திரையை வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாம், நிறுத்த வேண்டாம் என்றார். அடக்க முடியாமல் போவதற்கு இடுப்புத் தசைப் பயிற்சி உண்டு, சிறுநீரை நடுவில் நிறுத்துவதுபோலத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்துத் தளர்த்துவது, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குப் பலன் தெரியும் என்று பெஞ்சுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். இப்போது சுகர் நாளில் எங்கள் பெஞ்சு திடீரென்று அமைதியானால் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டோம். துப்புரவு செய்யும் அக்காவோடு பேசி, காலையில் அவர் திறந்து கழுவிவிடுவது என்று ஏற்பாடு. வாளியில் தண்ணீர் சுமந்து வைக்கிற நிலை இன்னும் மாறவில்லை. தொட்டியிலிருந்து ஒரு குழாய் இழுக்க வேண்டும், உள்ளே பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பி வேண்டும். இரண்டையும் எழுதி, பெஞ்சிலிருந்த எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த சுகர் நாளுக்குள் பதில் வராவிட்டால் எல்லோருமாக நேரில் போவதாகப் பேசிவைத்திருக்கிறோம். நெற்றிக் காயம் ஆறிவிட்டதால் தானும் வருவதாக ஆயா சொல்லியிருக்கிறார்.